முகமும் தாளும்: நிறப்பட அச்சின் நேர்மை பற்றி

நிறப்படம் அச்சிடுதல் ஒரு கைத்தொழில். அதைப் பற்றித் தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு மலரில் வாதிடுவதற்கு என்ன இருக்கிறது என்று கேட்போர் இருக்கலாம். மொழியையும் இலக்கியத்தையும் ஆராயும் ஏட்டில் மையையும் தாளையும் பற்றிய பேச்சுப் பொருந்துமா என்பது அவர்தம் ஐயம். ஒரு சமூகம் தன்னைப் பற்றி விட்டுச்செல்லும் சான்றுகளுள் எழுத்து ஒன்று, படம் மற்றொன்று. பெருந்தோட்டங்களில் வாழ்ந்த தமிழர் குடும்பங்கள் பலவற்றில் முன்னோரின் எழுத்தென்று எதுவும் எஞ்சவில்லை, எஞ்சியிருப்பது படமே. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்துக்குப் பின்னர், 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரையில், தாம் யாரென ஆவணங்களால் நிறுவும்படி மீண்டும் மீண்டும் கேட்கப்பட்ட மக்களுக்கு முகம் பதிந்த ஒரு துண்டுத் தாளின் பெறுமதியை எடுத்துரைக்க வேண்டியதில்லை. லயத்து அறையின் சுவரில் மாலையுடன் தொங்கும் பாட்டனாரின் படமே அக்குடும்பத்தின் வரலாற்று நூல். அந்நூலிற் பிழை மலியுமாயின் கற்றோர் வாளாவிருத்தல் தகாது.

இக்கட்டுரையின் வாதம் ஒன்றே. ஒவ்வொரு தாளுக்கும் அத்தாளுக்கென அளந்து செய்த நிறக் கோப்பு இன்றிப் படம் அச்சிடுதல், வெறும் கவனக் குறைவு அன்று. அது கருநிற முகங்களுக்கு மட்டும் தனியாக விளையும் ஓர் அநீதி. அவ்வநீதியைப் போக்கும் கருவியும் கணக்கும் இன்று நம் கைக்கு எட்டும் தூரத்தில் உள்ளன. எட்டியும் எடுக்காமலிருப்பதற்கு நாம் கூறும் காரணங்கள் எவையும் நிலைபெறத்தக்கனவல்ல.

தொழிலில் இக்கோப்பைப் ‘புரொபைல்’ என்றே அழைப்பர். தக்க தமிழ்ச் சொல் நிலைபெறும் வரையில் நாமும் அச்சொல்லையே ஆளுவோம். அது யாதென்பதை முதலில் தெளிதல் வேண்டும்.

அச்சுப்பொறிக்குக் கண் இல்லை. கணினி அதற்கு அனுப்புவன சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்றினதும் அளவைக் குறிக்கும் எண்கள். பொதுவாக ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை. அவ்வெண்களைப் பொறியானது சயன், மஜெந்தா, மஞ்சள், கறுப்பு ஆகிய மைத்துளிகளாக மாற்றித் தாளில் தெளிக்கின்றது. தெளித்த துளிக்கு என்ன நேர்ந்தது என்பதை அது அறியாது. பளபளப்புத் தாளில் மை மேற்பூச்சிலேயே தங்கி ஆழ்ந்த நிறம் தரும். மங்கல் தாளில், அதாவது ‘மற்’ என்று கடைகளிற் கூறப்படும் தாளில், மை பரவி ஊறித் தன் செறிவை இழக்கும். தாளின் வெண்மையும் ஒன்றுபோல் இராது. ஒளிர்வூட்டும் இரசாயனம் சேர்ந்த தாள் கண்ணுக்குப் புலப்படாத புறவூதாக் கதிரை ஏற்று நீலச் சாயலாக வெளியிடும். அது சேராத தாள் இளமஞ்சட் சாயலோடு நிற்கும். ஆகவே ஒரே எண், ஒரே பொறி, ஒரே மை ஆயினும், தாள் மாறியதும் நிறம் மாறும்.

இப்பொறியும் இம்மையும் இத்தாளும் சேருமிடத்து, இந்த எண்ணுக்கு இந்த நிறம் பிறக்கும் என்று அளந்து எழுதிய அட்டவணையே புரொபைல். 1993இல் எட்டு நிறுவனங்கள் கூடி அமைத்த சர்வதேச வர்ணக் கூட்டமைப்பு அதற்குப் பொதுவான வடிவொன்றை வகுத்தது. அதனைச் செய்யும் முறையில் மருமம் எதுவும் இல்லை. சில நூறு நிறக் கட்டங்கள் கொண்ட அட்டையொன்றை, நிறத் திருத்தம் யாவற்றையும் நிறுத்திவிட்டு, குறித்த தாளில் அச்சிட வேண்டும். மை உலர்ந்து நிறம் நிலைபெற ஒரு நாள் விடுதல் நன்று. பின்னர் ஒவ்வொரு கட்டத்திலிருந்தும் திரும்பும் ஒளியை நிறமாலைமானியால் அளக்க வேண்டும். அளவுகளைக் கணினி நிரல் கணித்துக் கோப்பாக்கித் தரும். தாள் மாறினால், மை மாறினால், பொறி மாறினால் மீண்டும் அளக்க வேண்டும். துணி மாறினால் தையற்காரர் மீண்டும் அளவெடுப்பதில்லை. ஆனால் ஆள் மாறினால் எடுத்தேயாக வேண்டும். தாள் என்பது அச்சுக்கு வேறோர் ஆள்.

மாத்தளை நகரிலோ, உக்குவளையிலோ, இரத்தோட்டையிலோ ஒரே படக் கோப்பைப் பளபளப்புத் தாளிலும் மங்கல் தாளிலும் பெயரற்ற மலிவுத் தாளிலும் பொறியின் இயல்பான அமைப்பிலேயே அச்சிட்டு, மூன்றையும் பகல் வெளிச்சத்தில் அருகருகே வைத்துப் பார்க்க விரும்பும் எவரும் பார்க்கலாம். ஒன்றிற் செம்மை மிகும்; ஒன்றிற் சாம்பல் பூக்கும்; ஒன்றிற் பச்சை ஊரும். சேலையின் நிறம் சிறிது மாறினால் எவரும் பொருட்படுத்தார். முகம் மாறினால் ஆளே மாறியதாகிவிடும்.

இப்பிழை எல்லோருக்கும் பொதுவானதுதானே, இதில் அநீதி எங்கே வந்தது என்று வினவலாம். இங்கே எண்களின் துணை வேண்டும். சர்வதேச ஒளியூட்டல் ஆணைக்குழு 1976இல் வகுத்த அளவுமுறையில் முழுக் கறுப்பு 0, முழு வெண்மை 100. அதே 1976இல் அறிமுகமான மக்பெத் நிற அட்டையின் 24 கட்டங்களுள் முதலாவது கருந்தோல், இரண்டாவது வெண்தோல். கருந்தோற் கட்டத்தின் ஒளியளவு ஏறத்தாழ 38. வெண்தோற் கட்டத்தினது ஏறத்தாழ 66. இனித் தாளுக்கு வருவோம். நல்ல பளபளப்புத் தாளில் மிக ஆழ்ந்த கறுப்பு 5ஐ அண்டி இறங்கும். மங்கல் தாளில் அது 15க்கும் 20க்கும் இடையிலேயே நின்றுவிடும். அதற்குக் கீழ் அத்தாளிற் கறுப்பே இல்லை.

பக்கவாட்டு ஒளியில் அமர்ந்த ஒருவரை எண்ணிப் பாருங்கள். வெண்தோலர் எனின் ஒளிபடும் கன்னம் 66, நிழற் கன்னம் 40ஐ ஒட்டி நிற்கும். தாள் எதுவாயினும் இரண்டும் அதன் எல்லைக்குள் அடங்கும். கருநிறத்தவர் எனின் ஒளிபடும் கன்னம் 38. நிழற் கன்னமும் கண்குழியும் கழுத்தும் 20க்குக் கீழே இறங்கும். மங்கல் தாளில் இவையனைத்தும் ஒரே கறுப்பாக ஒட்டிப்போகும். கண்ணைச் சுற்றிய சுருக்கம், தாடையின் கோடு, காதோரத்து நரை என்று ஆளை ஆளாக்கும் குறிகள் யாவும் அங்கேயே அழிகின்றன. அதைக் கண்ட தொழிலாளர் படம் முழுவதையும் வெளிறச் செய்வார்; அப்போது நெற்றி சாம்பலாகும், பல்லும் வேட்டியும் விவரமின்றி வெளுத்துப்போகும். ஆகவே பிழை ஒன்றேயாயினும் அது தாக்கும் இடம் ஒன்றன்று. ஒருவர் தப்புகிறார், மற்றவர் அழிகிறார்.

தாளின் எல்லையைப் புரொபைல் விரித்துவிடாது. ஆனால் அவ்வெல்லை எங்கே உள்ளதென்று அது கணினிக்குச் சொல்லும். சொன்னால், 5க்கும் 20க்கும் இடைப்பட்ட நிழல்களை வெட்டி எறியாமல், ஒன்றுக்கொன்று உள்ள வேறுபாட்டைக் காத்து, தாள் தாங்கும் எல்லைக்குள் அடுக்கிவைக்க முடியும். எல்லையறியாத பொறி வெட்டுகிறது. எல்லையறிந்த பொறி அடுக்குகிறது. புரொபைலின் பயன் முழுவதும் இவ்வளவே. ஒரு முகத்துக்கு இவ்வளவே வாழ்வும் சாவும்.

நிற அச்சின் அளவுகோல் வரலாற்றில் யாருடைய முகமாக இருந்தது என்பதையும் மறத்தலாகாது. படச்சுருள் காலத்தில் கொடக் நிறுவனம் தன் அச்சகங்களுக்கு ஒரு மாதிரிப் படத்தை அனுப்பிவந்தது. அதில் இருந்தவர் ஒரு வெள்ளைப் பெண். முதலில் அவ்வாறு படமெடுக்கப்பட்டவரின் பெயரால் அவ்வட்டை ‘ஷேர்லி அட்டை’ எனப்பட்டது. அப்பெண்ணின் முகம் சரியாக வந்தால் அச்சும் சரி என்பதே விதி. வேறு நிறத்தவரையும் சேர்த்த அட்டைகள் 1990களிலேயே வந்தன. கனடிய ஆய்வாளர் லோர்னா றோத் 2009இல் வெளியிட்ட ஆய்வில் மற்றொரு செய்தியும் உண்டு. கபில நிறத்தின் நுட்பங்களைப் படச்சுருள் சரிவரக் காட்ட வேண்டும் என்ற வற்புறுத்தல், கருநிற மனிதரிடமிருந்து வந்ததைக் காட்டிலும், மரத் தளபாட உற்பத்தியாளரிடமிருந்தும் சொக்கலேற் உற்பத்தியாளரிடமிருந்தும் வந்தது என்று அந்நிறுவனத்திற் பணிபுரிந்தோர் அவரிடம் கூறியுள்ளனர். இன்ன மரம், இன்ன சொக்கலேற் என்று விளம்பரத்தில் வேறுபாடு தெரியவில்லை என்பது அவர்களின் முறைப்பாடு.

மாத்தளை மாவட்டம் கொக்கோ விளையும் மண். அம்மண்ணில் நின்று இச்செய்தியைப் படிப்போருக்கு அதன் கசப்பு நன்கு உறைக்கும். சொக்கலேற்றின் கபிலத்துக்கு வழக்குரைப்பார் இருந்தனர். கொக்கோக் காயைப் பறித்த கையின் கபிலத்துக்கு வழக்குரைப்பார் இருக்கவில்லை. ஷேர்லி அட்டையின் காலம் முடிந்தது உண்மை. ஆயினும் இன்றும் ஓர் அச்சுப்பொறியைப் பெட்டியிலிருந்து எடுத்து, அதன் ‘தானாகத் திருத்தும்’ அமைப்பிலேயே விட்டு அச்சிடுபவர், எங்கோ யாரோ தமக்கு இனியதென்று முடிவுசெய்த நிறத்தையே தம் அயலவரின் முகத்தில் பூசுகிறார். புரொபைல் செய்பவர் அவ்வாறு செய்வதில்லை. கருவி அளந்த எண் எவருடைய முகத்துக்கும் சார்பாகப் பேசாது. முகத்தை அளவுகோலாக்கிய பழைய முறையினின்றும் அளவையே அளவுகோலாக்கும் முறைக்கு மாறுவதுதான் இங்கு விடுதலை.

இது தனிமனித முகங்களோடு முடிந்துவிடும் செய்தியன்று. இம்மாவட்டத்தின் சீகிரியாவையே நோக்குவோம். ஐந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை எனக் கொள்ளப்படும் அக்குன்றின் ஓவியப் பெண்களுள் சிலர் பொன்னிறத்தவர், சிலர் கருநிறத்தவர். அவ்வேறுபாட்டின்மீது அறிஞர் பெரும் வாதங்களை எழுப்பியுள்ளனர். தொல்பொருள் ஆணையாளராயிருந்த எச்.சீ.பி. பெல், பொன்னிறத்தாரை அரசகுலப் பெண்டிர் என்றும் கருநிறத்தாரைப் பணிப்பெண்டிர் என்றும் கொண்டார். ஆனந்தக் குமாரசுவாமி அவர்களை அரம்பையராகக் கண்டார். செனரத் பரணவிதான, பொன்னிறத்தார் மின்னற் கன்னியர், கருநிறத்தார் மேகக் கன்னியர் என்று விளக்கினார். இவ்விளக்கங்களுள் எது ஏற்புடையது என்பது இங்கு நம் வினாவன்று. பெல்லினது கருத்தும் பரணவிதானவினது கருத்தும் தோலின் நிறத்தையே சான்றாகக் கொண்டவை என்பதே நாம் மனங்கொள்ள வேண்டியது. அந்நிறத்தைப் பொருத்தமற்ற தாளிற் செம்மஞ்சளாகவோ சாம்பலாகவோ அச்சிட்டு மாணவர் கையிற் கொடுத்தால், மேகம் எது, மின்னல் எது என்று அவர் எங்ஙனம் ஆராய்வார்? சுவடியில் ஓரெழுத்து மாறினால் பாடபேதம் என்று பதைக்கும் நாம், ஓவியத்தின் நிறம் மாறினால் ‘அச்சு அப்படித்தான்’ என்று விட்டுவிடுகிறோம்.

நம் முன்னோர் அப்படி விடவில்லை. 1889இல் அலிக் மறே என்பவர் அவ்வோவியங்களைப் பிரதிசெய்தார். 1896, 1897ஆம் ஆண்டுகளில் டீ.ஏ.எல். பெரேரா குன்றின் நடுவே உயரத்தில் இருந்து எண்ணெய் வர்ணத்தில் அவற்றைப் பிரதிசெய்தார். சுதையின் சிதைவையும் கறையையும் கூட விடாது எழுதியமைக்காகப் பெல் அவரைப் பாராட்டினார். அழகுபடுத்தும் வாய்ப்பு இருந்தும் அழகுபடுத்தாமல் உள்ளதை உள்ளவாறே எழுதிய அந்த ஒழுக்கமே அச்சுத் தொழிலுக்கும் வேண்டுவது. 1967இல் விஷமிகள் அவ்வோவியங்கள்மீது வர்ணம் பூசியபோது நாடே கொதித்தது. இத்தாலிய நிபுணர் லூசியானோ மறன்சி வந்து அதனை நீக்க உழைத்தார். அஞ்சலட்டையிலும் பாடநூலிலும் தாளறியாத அச்சு பூசும் வர்ணத்துக்கு எவரும் கொதிப்பதில்லை.

இனி மறுப்புகளை நோக்குவோம்.

நிறம் சுவையைப் பொறுத்தது. ஒருவருக்குச் சரியாகப்படுவது மற்றவருக்குப் பிழையாகப்படும் என்பர் சிலர். எந்த நிறம் இனிது என்பது சுவை. இரு தாள்களில் உள்ளது ஒரே நிறமா என்பது சுவையன்று, அளவை. 1931ஆம் ஆண்டு முதல் நிறத்தை எண்ணாற் குறிக்கும் முறை உலகில் உண்டு. துணி ஆலையும் வர்ணத் தொழிற்சாலையும் அம்முறையாலேயே வணிகம் செய்கின்றன. சுவரின் பூச்சுக்குப் பொருந்தும் அளவை மனித முகத்துக்குப் பொருந்தாதென்பது விந்தை.

மக்களே வெளுப்பைக் கேட்கின்றனர். நாம் என் செய்வோம் என்பர் தொழிலாளர் சிலர். இது வலுவான மறுப்பு. இதனை எள்ளி நகையாடல் முறையன்று. மணமகளின் தாய் வெளுப்பான படம் கேட்பது உண்மை. அவ்விருப்பத்தின் வேர்கள் ஆழமானவை. அச்சுக்கூடம் தனித்து அவற்றைப் பிடுங்க இயலாது. ஆயினும் கேட்டதைக் கொடுப்பது வேறு; வேறொன்றைக் கொடுக்கத் தெரியாமலிருப்பது வேறு. உள்ளபடி அச்சிட்ட படத்தை முதலில் காட்டி, பின்னும் வெளுப்பே வேண்டுமெனின் வெளுப்பிப்பவர் வாடிக்கையாளரின் விருப்பத்தை நிறைவேற்றுகிறார். உள்ளபடி அச்சிடும் வழியே அறியாதவர் விருப்பத்தைப் பற்றிப் பேசுதல் பொருந்தாது. அவர் கொடுத்தது தெரிவன்று. மேலும், இவ்வாறு சாம்பல் பூத்த முகங்களையே தலைமுறையாகக் கண்டவர் கருநிறம் படத்தில் அழகாக வராது என்று நம்பி வெளுப்பைக் கேட்கவும் கூடும். அவ்வாறெனின், நாம் விதைத்ததையே அவர் கேட்கிறார்.

தாள் உற்பத்தியாளரே புரொபைலை இலவசமாகத் தருகின்றனரே என்பது வேறொரு மறுப்பு. தருகின்றனர், அது அவர்களுடைய தாளுக்கு, குறித்த பொறிக்கு, அப்பொறியின் சொந்த மைக்கு. வேறு நிறுவனத்தின் போத்தல் மையை ஊற்றிய கணமே அக்கோப்பு அயலூரின் வரைபடமாகிவிடும். பெயரும் எடையும் மட்டும் பொறித்த உறையில் வரும் தாள்களுக்கோ உற்பத்தியாளரின் கோப்பென்று ஒன்றுமே இராது. மலிவான மையும் மலிவான தாளும் வாங்குவதற்காகச் சிறு தொழிலாளரை எவரும் குறைகூற இயலாது. மலிவானதை வாங்குவோருக்கே சொந்தமாக அளக்கும் தேவை மிகுதி என்பதே இதிலிருந்து பெறப்படுவது. விலையுயர்ந்ததை வாங்குவோருக்காகப் பிறர் முன்னரே அளந்துவிட்டனர்.

இறுதியாகச் செலவு. நிறமாலைமானியின் சிறிய வகை சில நூறு அமெரிக்க டொலர். பெரிய வகை ஆயிரத்தையும் தாண்டும். 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியிலிருந்து மீளப் போராடும் ஒரு சிறு ஸ்டூடியோவுக்கு இது பெருந்தொகை. ஆனால் இக்கருவி கமராவைப் போல் நாள்தோறும் தேவைப்படுவதன்று. ஒரு தாளுக்கு ஒருமுறை அளந்தால், மையோ தாளோ மாறும்வரை அக்கோப்புப் போதும். பத்து ஸ்டூடியோக்கள் கூடி ஒரு கருவி வாங்கலாம். கணிக்கும் நிரலோ பணம் கொடாமலே கிடைக்கிறது. ‘ஆர்கைல்’ எனும் நிரல் எவரும் பெற்றுப் பயன்படுத்தத் தக்கதாக வெளியிடப்பட்டுள்ளது. இருட்டிலுள்ள கபிலங்களுக்குக் கூடுதலான கட்டங்களைச் சேர்த்து அட்டை அமைக்கவும் அதிலே வழியுண்டு. கருவியைக் கூட்டாக வாங்கிப் பகிர்தல் நமக்குப் புதிதுமன்று. ஊர்க் கோயிலின் பெரும் பாத்திரங்களை எத்தனை வீட்டுத் திருமணங்கள் பயன்படுத்துகின்றன!

இவ்விடத்திற் பல்கலைக்கழகத்தாருக்கும் ஒரு கடமையுண்டு. பேராதனையிலிருந்து மாத்தளை ஒரு மணி நேரப் பயணத்தை அதிகம் தாண்டாது. ஒளியியல் கற்கும் மாணவரும் கணினி கற்கும் மாணவரும் ஒரு விடுமுறையைச் செலவிட்டால், இம்மாவட்டத்தில் வழங்கும் தாள்களையும் மைகளையும் அளந்து கோப்புகளாக்கித் தொழிலாளரிடம் கையளிக்கலாம். கோப்புகளைச் சரிபார்ப்பதற்கு வேண்டிய மாதிரிப் படத்தையும் நாமே ஆக்கிக்கொள்ளலாம்: இசைவு தந்த நம்மவர் சிலர், முதியவரும் சிறுவரும், கருநிறத்தவரும் பொதுநிறத்தவரும், ஒரே ஒளியில் அமர்ந்த படம். அதனை அச்சிட்டு, அமர்ந்தவர்களையே அருகில் நிறுத்தி ஒப்பிட்டால் ஷேர்லிக்கு இனி வேலையில்லை. அதன்மேல், அச்சிட்ட ஒவ்வொரு படத்தின் பின்புறத்திலும் தாள், மை, ஆண்டு ஆகிய மூன்றையும் எழுதிவைத்தல் வேண்டும். நாளை அப்படம் மங்கினாலும், அது எவ்வாறு இருந்ததென்று மீட்டறிய அக்குறிப்பு உதவும்.

வாடிக்கையாளராகிய நாமும் பேசாதிருக்க வேண்டியதில்லை. அரிசி வாங்கும்போது சம்பாவா நாடா என்று கேட்கிறோம். தந்தையின் படத்தைப் பெரிதாக்கக் கொடுக்கும்போது கேட்பதோ, எவ்வளவு விலை, எத்தனை மணிக்குக் கிடைக்கும் என்பன மட்டுமே. அவற்றோடு இரண்டு வினாக்களைச் சேர்ப்போம். இது எந்தத் தாள்? அத்தாளுக்கென அளந்த புரொபைல் உங்களிடம் உண்டா? முதலாம் நாள் சிரிப்பர். பத்தாவது ஆளும் கேட்டால் அளக்கத் தொடங்குவர். அதன் பின்னர் லயத்துச் சுவரில் மாலையுடன் தொங்குபவர், அவ்வீட்டார் அறிந்த அதே நிறத்தில் அவர்களை நோக்குவார்.